கீழிருந்து இரண்டாவது வரிசை

என் மனைவி டென்னிஸ் மட்டையைக் கையில்கூடப் பிடித்ததில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் அந்த ஆட்டம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய அப்பா நந்திதுர்க்கில் தங்கச் சுரங்க அதிகாரிகளின் கிளப்பில் வேலை பார்த்தவர். டென்னிஸ் மைதானத்துக்குத் தண்ணீர் தெளிப்பதும், சுண்ணாம்புக் கோடு போடுவதும், வலை கட்டுவதும் அவர் பொறுப்பு. வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு கிளப்புக்குள் இடமில்லை. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் இவள் பக்கத்திலிருந்த சயனைடு மேட்டில், தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலைபோலக் குவிந்து கிடக்குமே அதில், ஏறி உட்கார்ந்துகொள்வாள். அங்கிருந்து பார்த்தால் மைதானம் கேரம் போர்டு அளவுக்குத்தான் தெரியுமாம். ஆனால் முழுசாகத் தெரியும் என்பாள்.

கல்யாணமாகி, அதே சுரங்க ஊரில் சாம்பியன் ரீப்ஸ் பக்கம் என் வீட்டுக்கு வந்த பிறகு ஆட்டம் பார்ப்பது டிவியில்தான். நான் தினமும் காலை ரயிலில் பெங்களூர் போய், ஒரு துணிக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புகிறவன். அவள் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அவள் கண்ணில் பிரஷர் ஏறியிருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு ஐம்பது வயது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் கை தூக்கினால் அவளுக்குத் தெரியவில்லை. டீச்சர் எங்களைக் கேட்கவே மாட்டேங்கிறாங்க என்று இரண்டு குழந்தைகள் வீட்டில் போய் அழுதிருக்கின்றன. பெங்களூர் கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். அவள் வேலையை விட்டாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த நோய் பிடிபடவில்லை. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவாள். ஆனால் ஊசியில் நூல் கோப்பாள். மருந்துச் சீட்டில் பொடி எழுத்தைப் படிப்பாள். ஊசி கோக்கிறவளுக்கு அப்படி என்ன பெரிதாகக் கண் கெட்டுவிட்டது என்று உள்ளுக்குள் தைரியமாக இருந்தேன். டிவி பார்க்கும்போது மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளி, கடைசியில் சமையலறை வாசலிலேயே போட்டுக்கொண்டாள். அடுப்பில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் இருக்கும் பெரிய டென்னிஸ் அரங்கத்துக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தது. கண் இருக்கும்போதே ஒரு தடவை நேரில் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆபீசில் என்னோடு வேலை செய்யும் பெண் தன் போனில் அரங்கத்தின் படத்தைத் திறந்து காட்டினாள். நடுவில் நீலமாக மைதானம். சுற்றிலும் கட்டம் கட்டமாக இருக்கைகள். எதைத் தொடுகிறோமோ அது நம்முடையது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்தேன்.

“எந்தப் பக்கம் எடுக்கட்டும்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நெட்டுக்குப் பக்கத்துல வாணாங்க. பின்னாடி, எல்லைக் கோட்டுக்கு நேரா எடுங்க. எவ்ளோ மேல கீதோ அவ்ளோ மேல.”

“மேல போனா எறும்பு மாதிரி தெரியும்.”

“தெரிஞ்சா தெரியட்டும். மேல எடுங்க.”

செலவுக்குப் பயந்து சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷமாகக் கடைசித் துண்டு மீனை என் தட்டில் வைக்கிறவள் வேறு எப்படிச் சொல்வாள்? கண் சரியில்லாதவளைக் கொண்டுபோய் உச்சியில் உட்கார வைப்பதா? வலைக்கு நேராக, கீழிருந்து இரண்டாவது வரிசையில், இரண்டு இருக்கைகளைத் தொட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஆட்டம் பார்க்கப் போன அன்றைக்கு அவள் நீலப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அரங்கத்துக்குள் நுழைந்ததும் படியேறத் தயாராகப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். நான் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

“கீழயா?” என்றாள்.

“வா, சொல்றேன்.”

உட்கார்ந்ததும் எதிரே பத்தடியில் மைதானம். ஆட்டக்காரன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“எப்படிக் கீது?” என்றேன்.

“அவன் ஷூ லேஸ்கூடத் தெரியுதுங்க” என்றாள்.

அது போதும் எனக்கு. ஆட்டம் தொடங்கியது. சுற்றியிருந்த தலைகளெல்லாம் இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருந்தன. அவளும் முதலில் திரும்பிப் பார்த்தாள். பிறகு வலது பக்கம் நின்றவனையே பார்த்தபடி அசையாமல் இருந்தாள். எல்லோரும் கை தட்டிய பிறகு அவள் தட்டினாள். லயித்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். திரும்பும் ரயிலில் அவள் கண்ணை மூடியபடியே வந்தாள். நான் பங்காருப்பேட்டை வரைக்கும் ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் பார்வையை அளந்து ஒரு தாள் கொடுத்தார்கள். முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு சின்ன வெள்ளை வட்டம். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். டாக்டரம்மா பொறுமையானவர். இன்னொரு தாளைக் குழலாகச் சுருட்டி என் கண்ணில் வைத்து, இன்னொரு கண்ணை மூடச் சொன்னார்.

“நான் இங்கே பக்கத்தில் நின்றால் என்ன தெரிகிறது?”

“உங்கள் கோட்டுப் பட்டன்.”

அவர் நடந்து கதவருகே போய் நின்றார். “இப்போது?”

இப்போது அவர் முழுதாகத் தெரிந்தார். தலையிலிருந்து செருப்பு வரை.

குழலைக் கீழே வைக்க எனக்குக் கை வரவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

“அன்னிக்கு உனக்கு இன்னா தெரிஞ்சுது?”

“என்னிக்கு?”

“டென்னிஸ் பாக்கப் போனோமே.”

அவள் மருந்துப் பையை மடியில் சரிசெய்துகொண்டாள். “அந்த ஒரு ஆளு தெரிஞ்சான். பந்து அவன்கிட்ட வந்தா கை அசையும். அப்பால எங்க போச்சுன்னு தெரியல.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல.”

“சொன்னேனேங்க” என்றாள். “போன்ல. மேல எடுங்கன்னு.”

குரலில் கோபமே இல்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த தடவை அதே அரங்கத்தில் ஆட்டம் என்று கேள்விப்பட்டதும் நான் யாரையும் கேட்கவில்லை. எல்லைக் கோட்டுக்கு நேர் பின்னால், கடைசி வரிசையில், சுவரை ஒட்டிய இரண்டு இடங்கள். அதற்குள் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. இடது கண் அணைந்தே போயிருந்தது. படிகளில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பாதியில் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம்.

உச்சியில் நல்ல காற்று. மைதானம் முழுதும் கீழே விரிந்து கிடந்தது. நான் மைதானத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கோர்ட் தெரியுதா?”

“தெரியுது. நீலமா. சுத்தி வெள்ளைக் கோடு.” குரலில் சந்தோஷம் இருந்தது. “ரெண்டு பேரும் தெரியறாங்க.”

“பந்து?”

அவள் கழுத்தை நீட்டிக் கொஞ்ச நேரம் தேடினாள்.

“அது இல்ல” என்றாள்.

போயிடலாமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன்: இப்போ அந்தப் பக்கம், இப்போ இந்தப் பக்கம், வெளியே போச்சு. எனக்குத் தெரிந்த டென்னிஸ் அவ்வளவுதான். இரண்டு மூன்று தடவை தப்பாகச் சொன்னேன். மைக்கில் புள்ளி சொன்னதைக் கேட்டு அவளே திருத்தினாள். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் போகட்டும் என்று காத்திருந்தோம். பிறகு ஒவ்வொரு படியாக, நான் முன்னாலும் அவள் பின்னாலுமாக இறங்கினோம். வெளியே வெயில் இன்னும் இருந்தது. ரயிலுக்கு நேரம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றேன்.