வியர்த்த சுவர்

அவளுடைய மூச்சை நான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டில் தீவிலே ஒரு கூட்டுறவுச் சங்கக்கடைக்கு நான் மனேச்சர். பின்னறையில் அரிசி மூட்டையும் கோதுமை மா மூட்டையும் அடுக்கியிருக்கும். கட்டியவர்கள் கடல்மண்ணைக் கழுவாமலே அள்ளிப் பூசியிருந்தார்கள். உப்பு மண் பூசிய சுவர் காயுமா? மாரி தொடங்கினால் வியர்த்துக்கொண்டே இருக்கும். மூலையெல்லாம் கறுப்பாய்ப் பூஞ்சணம். கடற்படைப் படகுகள் திரியத் தொடங்கியதும், சூட்டுக்குப் பயந்து கடற்பக்கச் சன்னலுக்கும் பலகை அடித்து மூடிவிட்டோம்.

முதலில் அங்கே என் மேசைதான் இருந்தது. ஒரு மாரி முழுக்க இருமினேன். மேசையை முன்னறைக்கு மாற்றினேன், இருமல் நின்றது. இதற்குமேல் எனக்கு என்ன விளக்கம் வேண்டியிருந்தது, சொல்லுங்கள்!

பிறகுதான் மாகிறற் வேலைக்கு வந்தாள். கடற்தொழில் செய்யும் குடும்பம். சுருவிலிலிருந்து நடந்து வருவாள். மா நிறுத்துப் பொட்டலம் கட்டுகிற வேலை. இடம்... அதே பின்னறை.

அடுத்த மாரியில் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்செடுப்பாள். ஒருநாள், சன்னலில் ஒரு பலகையையாவது கழற்றலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அவளுடைய தாய்க்குத் தொய்வு, அந்த மூச்சிழுப்பு நோய், இருந்தது ஊருக்கே தெரியும். அதைப் பிடித்துக்கொண்டேன்.

"இது உம்மடை அம்மாவின்ரை தொய்வு. அறையிலை ஒரு பிழையுமில்லை."

நம்பிவிட்டாள்! அன்றிலிருந்து என் முன்னால் இருமவே வெட்கப்பட்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள். நான் கணக்குப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வேன்...

முன்னறையில் அவளுக்கும் இடமிருந்தது. ஆனால் என் மேசைக்குப் பக்கத்தில் ஒருத்தி மா நிறுத்துக்கொண்டிருந்தால் மனேச்சருக்கு என்ன மதிப்பு? இதுதான் காரணம். இவ்வளவு அற்பமான காரணம்!

வேலைக்கு வந்த மூன்றாவது மாரியில் ஆசுப்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

செத்தவீட்டில் அவளுடைய புருஷன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வருத்தக்காரி எண்டு தெரிஞ்சும் நீங்கள் அவளை வேலையாலை நிப்பாட்டேல்லை. கடைசிவரைக்கும் அதைத்தான் சொன்னவள்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

அவரிடம் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன். இதனால் என் நெஞ்சு ஆறிவிட்டதென்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் அவளுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கும்போது, அவர் என் பெயரையும் சொல்லி மன்றாடுகிறாராம்.