அந்தப் பஸ்ஸில் இருந்தவர்கள்

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் கண்டக்டர். ஆள் குள்ளம், குரல் பெரிசு. "உள்ள போங்க, உள்ள எடம் சும்மா கிடக்கு" என்று கத்திக் கத்தியே தொண்டை கரகரத்துப் போனது. சாப்பிடும்போது கொஞ்சம் உப்பு கேட்டால்கூடப் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார்.

டிப்போவில் அவருக்கு 'பொறுங்கண்ணே' என்று பட்டப்பெயர். டிரைவர் அவசரப்பட்டால் இவர் வாயில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். இறங்குகிறவரின் கால் தரையில் ஊன்றுகிறவரை அந்த இரண்டாவது விசிலை இவர் அடிக்க மாட்டார். கைக்குழந்தைக்காரி, தடி ஊன்றுகிறவர், மூட்டை வைத்திருப்பவர், யாராக இருந்தாலும் சரி. வண்டி தினமும் லேட். இவரோடு டூட்டி விழுந்தால் டிரைவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

வண்டியை ஷெட்டில் விடுவதற்கு முன் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்ப்பார். குடை கிடைத்திருக்கிறது, டிபன் பாக்ஸ் கிடைத்திருக்கிறது, ஒரு தடவை பல்செட்கூடக் கிடைத்தது. அதற்கு உரியவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். "பாவம், ராத்திரி எதைக் கடிப்பாரு?" என்றார். கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. போகப் போக, இப்படி ஒரு ஆளைக் கொடுத்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லித்தான் நான் விளக்கை அணைப்பேன்.

சினிமா எனக்கு ஆகாது. காலையும் மாலையும் கும்பிடுவதற்கே நேரம் சரியாக இருக்கிறது. ஆனால் அந்தப் பறக்கிற தம்பி படத்துக்கு மட்டும் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். வானத்தில் பறந்து வந்து ஆபத்தில் இருக்கிறவர்களைக் காப்பாற்றுகிற ஒருவனின் கதை. வேறு நாட்டுப் படம், தமிழில் பேச வைத்திருந்தார்கள். முதல் பாகத்தில் பாலம் உடைந்து ஒரு பஸ் பாதி அந்தரத்தில் தொங்கும். கெட்டவன் தப்பி ஓடுகிறான். அந்தத் தம்பி அவனை விட்டுவிட்டு, ஒரு கையால் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒவ்வொருவராக இறக்கிவிடுவார். எல்லாரும் இறங்கிய பிறகும் விடவில்லை, தலையை உள்ளே நுழைத்து ஒரு தடவை பார்த்தார்.

என் வீட்டுக்காரர் துள்ளிவிட்டார். "பாரு, பாரு! சீட்டுக்கு அடியில பார்க்கிறான் பாரு! நம்ம ஆளு!"

அன்று முதல் பறக்கிற தம்பி எங்கள் வீட்டு ஆள். இரண்டாம் பாகத்தில் தீப்பிடித்த கட்டடத்தின் மாடியில் மாட்டிக்கொண்ட தையல்காரம்மாவுக்காக எதிரியைக் கோட்டை விட்டார். வெளியே வரும்போது சில பிள்ளைகள் "சண்டையே இல்லை, மொக்கை" என்று சலித்துக்கொண்டார்கள். இவர் அவர்களிடம், "சண்டை போட ஆயிரம் பேரு இருக்கான். எறக்கிவிடத்தான் ஆளு இல்ல" என்று சண்டைக்குப் போனார்.

மூன்றாம் பாகம் வந்தது. டூட்டி முடித்து, காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராகத் தியேட்டர் வாசலுக்கு வந்தார். நான் அங்கேயே காத்திருந்தேன். உள்ளே நல்ல கூட்டம். இடைவேளை வரை சரியாகத்தான் போனது. அதற்குப் பிறகு நடுத்தெருவில் சண்டை. ஒரு பஸ் நிற்கிறது. உள்ளே விளக்கு எரிகிறது. வரிசையாகத் தலைகள் தெரிகின்றன. ஜன்னல் ஓரத்தில் ஒரு பொம்பளை கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். நான் என் கண்ணால் பார்த்தேன்.

பறக்கிறவன் அந்தப் பஸ்ஸை அப்படியே அலாக்காகத் தூக்கினான். கல்லை விட்டெறிகிற மாதிரி எதிரி மேல் எறிந்தான். வெடித்தது. எதிரி விழுந்தான். இவன் சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தான்.

தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. கைதட்டல், விசில், காகிதம் பறக்கிறது. நான் மட்டும் அந்தப் பொம்பளை எங்கே என்று திரையில் தேடுகிறேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். ஒன்று. நீளமாக ஒரே ஒரு விசில்.

தினமும் பஸ்ஸில் போகிற ஜனம் அல்லவா, ஒற்றை விசில் கேட்டதும் மொத்தக் கூட்டமும் கப்பென்று அடங்கிவிட்டது. மேலே படம் ஓட்டுகிறவர் என்ன நினைத்தாரோ, படத்தையும் நிறுத்திவிட்டார். விளக்கு எரிந்தது.

"யோவ் கண்டக்டர், இதென்ன உன் வண்டியா?"

"டிக்கெட் எல்லாம் எடுத்தாச்சுய்யா, ரைட் குடு!"

சிரிப்புக்கு நடுவில் தியேட்டர் மேனேஜர் மைக்கோடு ஓடி வந்தார். "சாரி சொல்லிட்டு உக்காருங்க. இல்லன்னா வெளிய போங்க."

இவர் மைக்கை வாங்கினார். "சாரிங்க. உங்க எல்லார் படத்தையும் நிறுத்திட்டேன், தப்புதான். ஆனா அந்த பஸ்ஸுல ஆளு இருந்தாங்க."

"அது கிராபிக்ஸ், பெருசு!" என்று ஒருவன் கத்தினான்.

"மொத பாகத்துல பாலத்துல தொங்கினதும் கிராபிக்ஸ்தான். அப்ப எதுக்குடா எல்லாரும் மூக்கச் சிந்தினீங்க?"

மேனேஜர் மைக்கைப் பிடுங்கினார். நான் கூட்டத்தில் வாய் திறக்கிறவள் இல்லை. அன்று என்ன வந்ததோ, எழுந்துவிட்டேன். "மேனேஜர் தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஜன்னலோரம் ஒருத்தி தூங்கிட்டிருந்தாளே, அவ என்ன ஆனா? இனிமே காட்டுவாங்களா?"

"அதெல்லாம் கதைக்குத் தேவையில்லம்மா."

கதைக்குத் தேவையில்லையாம்! அவள் வீட்டில் அவளுக்கு யாராவது சோறு எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்களா? அவள் கதை கதையில்லையா? வாய் வரை வந்தது. அதற்குள் எங்களை வாசலுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். எவனோ அதைச் செல்போனில் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டான். அப்புறம் ஒவ்வொரு காட்சியிலும் பஸ் பறக்கிற நேரத்தில் யாராவது ஒற்றை விசில் அடிப்பதும், கூட்டம் சிரிப்பதுமாக ஆகிவிட்டது. தியேட்டர் மேனேஜர் டிப்போவுக்குப் புகார் கொடுத்தார். அரசாங்கச் சட்டை, அரசாங்க விசில், பொது இடத்தில் கலாட்டா. இவரை வரச் சொன்னார்கள். நானும் சாட்சிக்கு என்று கூடவே போனேன்.

டிப்போ அதிகாரி கெட்டவர் இல்லை. "ஏன்யா, தியேட்டர்ல எதுக்கு விசில் அடிச்ச?"

"எல்லாரும்தான் சார் அடிச்சாங்க."

"அவங்க வெரல வெச்சு அடிச்சாங்க. நீ அரசாங்க விசில் அடிச்சிருக்க." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் தேய்த்து மறைத்துக்கொண்டார். பிறகு தியேட்டர் மேனேஜரைப் போனில் கூப்பிட்டு, எங்களுக்கும் கேட்கிற மாதிரி மேஜை மேல் வைத்தார்.

"புகார நான் வாபஸ் வாங்கிக்கறேன் சார்" என்றது போன். "வேற எதுவும் வேண்டாம். படம் நல்லாத்தான் இருக்கு, மொத ரெண்டு பாகத்தையும் தூக்கிச் சாப்பிட்டுருச்சு, நான்தான் புரியாம விசில் அடிச்சிட்டேன்னு அவரு செல்போன்ல பேசிப் படம் பிடிச்சு அனுப்பட்டும். போதும்."

அதிகாரி இவரைப் பார்த்தார். "ரெண்டு வரி. சொல்லிட்டு நாளைக்கே வண்டியில ஏறு. இல்லன்னா வேற வழியில்ல, ஒரு வாரம் சஸ்பெண்ட் பண்ணித்தான் ஆகணும். உன் சர்வீஸ்ல கறுப்புப் புள்ளி விழும்."

இத்தனை வருடத்தில் ஒரு புள்ளி விழாத ஆள். மறைப்பானேன், எனக்குள் ஆசை வந்தது. ஒரு படத்தைப் பற்றி ஒரு பொய்தானே, கடவுளே, மன்னித்துவிடு, இவர் சொல்லிவிடட்டும் என்று வேண்டினேன்.

இவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "மன்னிப்பு எத்தன தடவ வேணும்னாலும் கேக்கறேன். உங்க தியேட்டர் வாசல்ல நின்னு கேக்கறேன். படம் நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேன். மொத ரெண்டு படத்துலயும் அவன் கண்டக்டரு. இதுல அவன் வெறும் ரௌடி."

போன் வைக்கப்பட்டுவிட்டது. அதிகாரி பெருமூச்சு விட்டார். "டிக்கெட் பைய ஒப்படைச்சிட்டுப் போ. விசிலையும்."

வெளியே வந்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. ஒரு பஸ் நிறைய ஜனத்தைத் தூக்கி எறிந்தவனுக்கு ஆள் உயரப் போஸ்டர், வாசலில் மாலை. ஒரு ஆளைக்கூட அவசரமாக இறக்கிவிடாத இவருக்கு சஸ்பெண்ட். எந்த ஊர் நியாயம் இது? கும்பிடும்போது கோபப்படக் கூடாதுதான். அன்று கோபத்தோடுதான் கும்பிட்டேன்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, இவர் பயணியாக உட்கார்ந்தார். கண்டக்டர் இவருக்குத் தெரிந்த பையன்தான், "அண்ணே" என்று காலைச் சுற்றுகிறவன். எங்கள் நிறுத்தம் வந்ததும் அவன் ஊருக்கே கேட்கிற மாதிரி, "பொறுங்கண்ணே எறங்கறாரு! எறங்கறீங்களா, இல்ல தூக்கி எறியட்டுமா?" என்றான்.

பஸ் முழுக்கச் சிரித்தது. இவரும் சிரித்துவைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, நீ அந்தப் படம் பார்த்தியா?"

"பார்த்தேன் அண்ணி. மொத நாளே."

"அந்த எடத்துல கை தட்டினியா?"

அவன் டிக்கெட் மிஷினைத் துடைக்கிற மாதிரி குனிந்தான். சிரித்துக்கொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்கள்.

"எல்லாரும் தட்டினாங்க அண்ணி" என்றான். கொஞ்சம் கழித்து, "நானும்தான் தட்டினேன்."

இவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "விடும்மா, சின்னப் பையன்" என்றார். இருவரும் இறங்கினோம்.