நீல மூடிக்குள் வயல் யூரியா

வேடியப்பனுக்கு யாரையும் பிடிக்காது. வண்டியைப் பற்றித் தெரியாதவர்களைச் சுத்தமாகப் பிடிக்காது. இருபத்திரண்டு வருஷமாகத் திருவண்ணாமலையில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். அவன் ஓட்டிய வண்டி ஒருநாளும் நடுரோட்டில் நின்றதில்லை. ஸ்டாண்டில் அவனுக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான்.

அதிலும் முதலாளி அப்பாசாமி என்றால் இளக்காரத்துக்கு அளவே கிடையாது. அடி அண்ணாமலையில் நெல் போட்டுக்கொண்டிருந்த மனுஷன், ஊரில் நாலு பேர் வாங்குகிறார்களே என்று வேன் வாங்கினார். பானெட்டைத் திறக்கத் தெரியாது. வாய் மட்டும் கம்பெனி இன்ஜினியர் மாதிரி.

புது டீசல் வண்டி. புகையைச் சுத்தம் பண்ணுவதற்கென்று ஒரு யூரியாத் திரவத்தை, நீல மூடி போட்ட தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். அது தீரப்போகிறது என்று விளக்கு எரிந்த அன்று, அப்பாசாமி ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வயலுக்குப் போடற யூரியாதான்டா. போர் தண்ணியில கரைச்சு, வேட்டியில வடிகட்டிட்டேன். இதைப் போய் எவனாவது கடையில வாங்குவானா?"

"மொதலாளி, அது வேப்பெண்ணெய் பூசுன யூரியாங்க. ஊத்தினா அடைச்சுக்கும்."

"யூரியாவைப் பத்தி எனக்கே சொல்றியா நீ?"

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவர் போன பிறகு கேனைச் சாக்கடையில் கொட்டியிருக்கலாம். வேடியப்பன் எதையும் செய்யவில்லை. 'அடைச்சு நிக்கட்டும், அப்பத்தான் இந்த ஆளு வாய் அடங்கும்' என்று கறுவிக்கொண்டு, கேனை முழுசாகக் கவிழ்த்தான். மனசுக்குள் குஷி வேறு. நின்றால் முதலாளி வீட்டு வாசலில்தான் நிற்கும் என்று ஏனோ நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள், நெல்லூர் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு செங்கம் ரோட்டில் போகும்போது வண்டி இழுக்காமல் ஊர்ந்தது. ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் இன்ஜினை அணைத்துப் பார்த்தான். அப்புறம் ஸ்டார்ட் ஆகவே இல்லை. வெறுங்காலோடு கிரிவலம் போனவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டே கடந்தார்கள். ஸ்டாண்டு பாலாஜி ஆட்டோவை மெதுவாக்கி, "இன்னாண்ணா, உன் வண்டியே நின்னுடுச்சா?" என்று சிரித்தான். வேடியப்பனுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

ஒர்க் ஷாப்பில் சூப்பர்வைசர் நந்தினி, திரவம் பீய்ச்சும் குழலைக் கழற்றிக் காட்டினாள். அதன் வாயெல்லாம் யூரியா வெள்ளையாகக் கட்டிப்போயிருந்தது. சேதி கேட்டு வந்த அப்பாசாமி, பழியை டிரைவர் தலையில் கட்டுவார் என்று வேடியப்பன் நினைத்திருந்தான். நறுக்கென்று திருப்பிக் கொடுக்கப் பதிலும் தயாராக வைத்திருந்தான்.

"நான்தாம்மா கரைச்சேன்," என்றார் அப்பாசாமி. "வேணாம்னு அவன் சொன்னான். தெரியாத்தனமா நான்தான் கேக்கல."

நந்தினி வேடியப்பன் பக்கம் திரும்பினாள். "அவருக்குத் தெரியல, சரி. உங்களுக்குத் தெரியுமில்ல? அப்புறம் எதுக்குண்ணா ஊத்துனீங்க?"

இப்படியும் ஒரு ஆளா என்று அவள் பார்த்தாள். தன்னைப் பற்றி அவனுக்கும் அதேதான் தோன்றியது.