மருந்தடிக்கிற ஜெயவேலுவும் வெள்ளைப் புழுவும்

ஜெயவேலு கோவிலம்பாக்கத்துக்காரர். ஏரிக்குக் கீழே குத்தகை நிலத்தில் நெல் பயிரிட்டு வந்தார். 1964இல் நிலக்காரர் அதை மனை போட்டு விற்றுவிட்டார். ஜெயவேலுவிடம் மிஞ்சியது மருந்தடிக்கும் கைப்பம்பு ஒன்றுதான். அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று காலனி காலனியாகச் சுற்ற ஆரம்பித்தார். உத்தியோகஸ்தர்கள் வீடு கட்டிய கையோடு கொய்யாவும் செம்பருத்தியும் குரோட்டன்ஸும் வைத்த காலம் அது. சில வருஷத்தில், 'மருந்தடிக்கிற ஜெயவேலு' என்றால் எல்லாருக்கும் தெரியும் என்றானது.

அந்தச் செடிகளுக்கெல்லாம் பொதுவான எதிரி மாவுப்பூச்சி. கணுவிலும் இலையடியிலும் மாவைத் தூவினாற்போல் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். மொட்டு விரியாமல் உதிரும். இலை கறுத்துப் பிசுபிசுக்கும். ஜெயவேலு வந்து அடித்தால் ஒரு வாரம் செடி சுத்தமாக இருக்கும். அடுத்த மாதம் முன்னைவிட அதிகமாக வரும். திரும்பவும் அவரைக் கூப்பிடுவார்கள். ஏன் அப்படி ஆகிறது என்று அவர் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

யோசிக்க வைத்தது கிழக்குத் தாம்பரத்தில் ஜெயசீலி டீச்சர் வீடு. கைக்குழந்தைக்காரி. முற்றத்தில் கோழிகள் வேறு மேய்ந்தன.

"மருந்து வேண்டாம் ஜெயவேலு. வேற ஏதாவது செய்ய முடியுமா?"

"வேற இன்னா டீச்சர் கீது? சோப்புத் தண்ணி போட்டுக் கழுவலாம். அவ்ளோதான்."

பூச்சி மொய்த்த கிளைகளை வெட்டி எரித்தார். மீதியைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவினார். எறும்புகள் சாரி சாரியாகக் கொய்யா மரத்தில் ஏறுவதைப் பார்த்து, அடிமரத்தில் துணியைச் சுற்றிச் சைக்கிளுக்குப் போடும் கிரீஸைத் தடவினார். எறும்பு நின்றுபோனது. எறும்புதான் பூச்சியிலிருந்து கசிகிற தேனை நக்கிக்கொண்டு அதற்குக் காவல் இருந்திருக்கிறது என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

மூன்றாவது வாரம் போனபோது கிளையில் வேறு மாதிரி வெள்ளைப் புழுக்கள் தெரிந்தன. மாவுப்பூச்சியைவிடப் பெரியவை, உடம்பெல்லாம் பஞ்சுத் திரி தொங்கிற்று. தாய்ப்பூச்சி என்று நினைத்து நாலைந்தை நசுக்கினார். அடுத்த ஒன்று விறுவிறுவென்று ஓடியது. மாவுப்பூச்சி இப்படி ஓடாதே என்று கையை நிறுத்திக்கொண்டார். அது ஒரு மாவுப்பூச்சியைக் கவ்வித் தின்றது. பிறகு இன்னொன்றை. ஜெயவேலு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். அடுத்தடுத்து வந்து பார்த்ததில், அந்தப் புழு கூடு கட்டிச் சின்னப் பொறிவண்டாக வெளியே வந்தது. இரண்டு மாதத்தில் டீச்சர் வீட்டுக் கொய்யாவில் பூச்சி தேடினாலும் கிடைக்கவில்லை.

"இத்தினி வருஷமா நான் சாவடிச்சது இத்தத்தான் டீச்சர்," என்றார். "அந்தக் கழுத மாவுக்குள்ள பத்தரமா உக்காந்துகினு கீது. தின்றவன் செத்தான்."

இதை அவர் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் பிழைப்பு கெட்டிருக்காது. அஸ்தினாபுரத்தில் தோத்தாத்ரியிடம் போய்ச் சொன்னார். தோத்தாத்ரி மத்திய சர்க்கார் ஆபீசில் சூப்பரின்டெண்டென்ட், காலனி சங்கத்துக்குச் செயலாளர். பூஜைக்கென்று அடுக்குச் செம்பருத்தி பன்னிரண்டு வைத்திருந்தார்.

"ரெண்டு மாசம் குடு சார். மருந்தே வேணாம்."

தோத்தாத்ரி அரைமனதாகச் சம்மதித்தார். ஜெயவேலு வெட்டினார், கழுவினார், கிரீஸ் தடவினார். ஆறாவது வாரம் வெள்ளைப் புழுக்கள் வந்து சேர்ந்தன, நூற்றுக்கணக்கில். ஜெயவேலுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோத்தாத்ரிக்கோ கிளை முழுவதும் வெள்ளையாக நெளிந்ததுதான் கண்ணில் பட்டது.

"என்னப்பா நெனச்சுண்டிருக்கே? முன்னாடி பொடியா இருந்தது, இப்ப புழுவா நெளியறது."

"அது வேற சார். அது நம்ம ஆளு. ஒரு வாரம் பொறுத்துக்க சார்."

"பூச்சியிலே உன் ஆளு, என் ஆளு வேறயா?"

மறுநாளே பல்லாவரத்திலிருந்து வேறொருவன் வந்து வீரியமான மருந்தை அடித்தான். புழுக்கள் கொத்துக் கொத்தாகக் கீழே கொட்டிக் கிடந்தன. அடுத்த மாதம் மாவுப்பூச்சி பன்னிரண்டு செடிகளையும் மூடிற்று. அங்கிருந்து பக்கத்து வீடுகளுக்கும் போனது. சங்கக் கூட்டத்தில் தோத்தாத்ரி எழுந்து, ஜெயவேலு வேலை கிடைப்பதற்காக ஏதோ புழுவைக் கொண்டுவந்து விட்டான் என்றார். யாரும் மறுக்கவில்லை. புழு விட்ட ஜெயவேலுவை இனிக் காலனிக்குள் சேர்ப்பதில்லை என்று மினிட்ஸில் தீர்மானம் எழுதினார்கள். பேச்சு குரோம்பேட்டைக்கும் பரவியது. இரண்டே மாதத்தில் டீச்சர் வீட்டைத் தவிர எல்லாக் கதவும் சாத்திக்கொண்டன.

வேறு வழியில்லாமல் ஜெயவேலு கூடுவாஞ்சேரிப் பக்கம் நெல்வயலுக்கு மருந்தடிக்கப் போனார். எதைக் கொல்லக் கூடாது என்று தெரிந்த மனிதர், நாள் முழுவதும் எல்லாவற்றையும் கொன்றார். மருந்தை வெறுங்கையால்தான் கலக்குவார். 1972இல் ஒரு மத்தியானம் வாயில் நுரை தள்ளி வரப்பில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் பிழைத்தார். ஆனால் கை நடுக்கம் நிற்கவில்லை. தம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மனைவி சரசு, பழைய நெல்வயலில் எழும்பிய வீடுகளுக்குச் சித்தாள் வேலைக்குப் போனாள்.

விஷயம் கேள்விப்பட்ட ஜெயசீலி, அந்தப் புழுவைப் பற்றி விவசாயப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிக் கேட்டாள். நன்மை செய்யும் பொறிவண்டின் இளம்பருவம் அது, மருந்தடித்தால் அதுதான் முதலில் சாகும் என்று பதில் வந்தது. அதைக் கொண்டுபோய்த் தோத்தாத்ரியிடம் காட்டினாள். இரண்டு தடவை படித்தார். "இது தெரியாம எத்தனை செடி போச்சு," என்றார். ஜெயவேலுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரம் சங்கத்தின் பலகையில், மாவுப்பூச்சியை ஒழிக்க எளிய வழி என்று ஒரு நோட்டீஸ் தொங்கியது. கிளை வெட்டுவது, சோப்புத் தண்ணீர், கிரீஸ் துணி, வெள்ளைப் புழு எல்லாம் வரிசையாக இருந்தன. கீழே செயலாளரின் கையெழுத்து.

ஜெயசீலி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கோவிலம்பாக்கம் போய் இதைச் சொன்னாள்.

"நான் சொன்னது கரீட்டுன்னு போட்டுக்கீறாங்களா?" என்று கேட்டார் ஜெயவேலு.

"நீங்க சொன்னதைத்தான் போட்டிருக்காங்க. உங்க பேரைப் போடலை."

"பேரு கெடக்குது வுடு டீச்சர். செடி பொழைக்கட்டும்."

செங்கல் சுமந்த சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டிருந்த சரசு திரும்பினாள்.

"இவுருதான் பூச்சிய வுட்டாருன்னு தீர்மானம் எழுதுனாங்களே, அத்தக் கோடு போட்டு அட்ச்சிட்டாங்களா?"

ஜெயசீலிக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

திங்கட்கிழமை போய்க் கேட்டாள். பழைய மினிட்ஸ் புத்தகத்தைத் திருத்த விதியில் இடமில்லை என்றார் தோத்தாத்ரி.