மேஸ்திரி தைத்த வார்

நம் தோல் பதனிடும் ஆலையில் சுண்ணாம்புக் குழியருகே தோல்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் வந்து, "சார், தேவசகாயம் மேஸ்திரி காத்தால எறந்துட்டாரு. மார்வலியாம்" என்றான். "நேத்துகூட என்னோட சண்டை போட்டாரே" என்றேன்.

வார் தைக்கும் பிரிவில் அவரிடம் வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய கத்தல் நினைவிருக்கும்: "நெருக்கித் தைக்காதே!" காரணத்தை மட்டும் சொல்லமாட்டார். "நான் இருக்கிற வரிக்கும் வாணாம் தம்பி. அப்புறம் சொல்லு, தைக்கிறவனுக்கு உதவும்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். சொல்கிறேன்.

ஆம்பூரில் செருப்பு தைத்துக்கொண்டிருந்தவர் யுத்தத்தின்போது எகிப்துக்குப் போனார். அங்கே ஆகாயவிமானம் ஓட்டப் பழக்கும் முகாமில் தோல் வேலை. போன வருஷம் மெஷின் வாங்க நாங்கள் இருவரும் பெங்களூர் போனபோது, ரயிலில் தானாகவே பேச்செடுத்தார். "நான் தெச்ச இடுப்பு வார் அறுந்து, பழக வந்த வெள்ளைக்காரப் புள்ள ஒண்ணு ஆகாசத்துலேர்ந்து விழுந்துச்சு. தோல் கெட்டுதா, என் கை கெட்டுதா, இன்னா ஏதுன்னு இன்னிக்கு வரிக்கும் தெர்ல."

அந்த முகாமை நடத்திய அதிகாரி பிறகு பெங்களூரில் குடியேறி, முகாமின் சாமான்களை அங்கே காட்சிசாலையாக வைத்திருந்தார். மெஷின் வேலை முடிந்ததும் போனோம். இறக்கை இல்லாத விமானம், மாணவர் உட்காரும் பிரம்பு ஆசனம், தோல் குல்லாய்கள். எனக்கு எஞ்சினைப் பார்க்க அவசரம். மேஸ்திரியோ சுவரில் ஒரு பலகையின் முன் நின்றுவிட்டார். முகாமில் பிறகு பழக வருபவர்களுக்கு எச்சரிக்கையாக, அறுந்த வார் ஒன்றை அந்தக் காலத்திலேயே அதில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள்.

"என்னுதுதான். கடைசியில மூணு தையல் திருப்பிப் போட்டிருக்கேன் பாரு" என்றார். என் பூதக்கண்ணாடியை எப்போதும் கேலி செய்பவர், "அந்தக் கண்ணாடிய எடு. பாத்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். தோல் நல்ல தோல். அங்குலத்துக்குப் பன்னிரண்டு துளை. செருப்பின் மேல்தோலுக்குப் போடும் தையல். பாரம் இழுத்ததும், தபால்தலை கிழிவதுபோல, துளை வரிசையிலேயே கிழிந்திருந்தது.

"தோல் மேல தப்பில்ல. நீங்க நெருக்கித் தெச்சிட்டீங்க" என்றேன். இப்படிப் பட்டென்று சொல்வதுதான் என் குறை.

"கெட்டியா இருக்கணும்னுதான் நெருக்கினேன்" என்றார்.

"தெரியுது. அளவு சொல்ல அங்க ஆள் இல்ல."

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினார். வெகுநேரம் கழுவினார். மன்னிப்புக் கேட்கலாமென்று வாயெடுத்தேன். "வாணாம் தம்பி. 'உன் தப்பு இல்ல'ன்னு எல்லாரும் சொன்னானுங்க. ஒருத்தனும் பாத்துச் சொல்லல. நீ பாத்தே" என்றார்.

மறுநாள் என் கருவிப்பையின் வாரைக் கேளாமலே பிரித்து மறுபடி தைத்தார். உத்தரத்தில் மாட்டி, தானே அதில் தொங்கிக் காட்டினார். "அறுந்தா நான்தான் விழறேன், கண்ணாடிக்காரரே!"

அது அறுந்துபோகவில்லை. அவர் அடக்கம் முடிந்து வந்து, அந்த வாரின் துளைகளைக் கண்ணாடியை வைத்து எண்ணினேன். அங்குலத்துக்கு ஐந்து. அந்தப் பை என் தோளில்தான் இருக்கிறது.