ஈரத்துணி போட்ட கிண்ணம்

ஒரு எவர்சில்வர் கிண்ணம். அதில் தேங்காய் அளவுக்கு ஒரு களிமண் உருண்டை. மேலே நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துண்டு. எங்கள் அருங்காட்சியகத்தில் கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் நிகழ்ச்சி நடக்கும்போதெல்லாம் ஜன்னலோர மேசையின் கடைசியில் அந்தக் கிண்ணம் இருக்கும். மற்றக் கிண்ணங்கள் எல்லாம் காலியாகி, மண்ணெல்லாம் மாடாகவும் குதிரையாகவும், என்னவென்றே சொல்ல முடியாத பிராணியாகவும் மாறிய பிறகும் அது அப்படியே இருக்கும். துணி காயக் காய மேடம் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார். சாயங்காலம் கதவைப் பூட்டும் வரைக்கும் தெளிப்பார். யாருக்கு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

மேடம் எங்கள் காப்பாட்சியர். தர்மபுரிக்காரிதான், அரூர்ப் பக்கம். பெங்களூரில் ஒரு கன்னடக்காரரைக் கட்டி, சில வருஷம் வாழ்ந்து, பிரிந்து வந்தவர். ஏன் பிரிந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி பேசியவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு, அவர்கள் வாயில் கரையான் புற்று வைக்க. பெண் குழந்தை அப்பாவிடம் இருந்தது. பள்ளிக்கூடம் அங்கே, படிப்பு அங்கே. மாதம் ஒருமுறை மேடம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். போன இடத்தில் விருந்தாளி மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்துவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வருவதாக ஒருமுறை என்னிடம் சொன்னார். "ஒரே ஒரு தடவ அவ என் எடத்துக்கு வரணும்மா. என் எடத்துல நான் நிக்கிறத அவ பாக்கணும்." அது ஒன்றுதான் அவருக்கு ஆசை. வேறு எதற்கும் அவர் ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை.

நான் அப்போது நுழைவுச்சீட்டுக் கிழிக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பேருக்குத்தான் நுழைவுச்சீட்டு. கூட்டம் வந்தால் அல்லவா கிழிக்க? உச்சி வெயிலுக்கு மின்விசிறி தேடி வரும் காதல் ஜோடிகளும், தீர்த்தமலைக்குப் போகிற வழியில் கழிப்பறை தேடி இறங்கும் வேன்காரர்களும்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். வரிசையாக நடுகற்கள் நிற்கும் நீளக் கூடம் ஒன்று. வாள் ஓங்கிய வீரர்கள், மீட்டு வந்த மாடுகள், கூடவே செத்த நாய்கள். அவற்றுக்கு நடுவே நானும் என் டிபன் பாக்ஸும். இந்த இடத்துக்குப் பிள்ளை குட்டிகளோடு ஜனங்களை வரவழைக்கலாம் என்று நினைத்த முதல் ஆள் மேடம்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் அவர் கெட்டிக்காரி. பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி வைப்பது என்றால் மைக் பிடித்துப் பேசுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நான். அவர் முதலில் கழிப்பறையைச் சுத்தம் செய்ய வைத்தார். பிறகு குடிதண்ணீர். பிறகு கைக்குழந்தைக்காரிகள் பால் கொடுக்க ஒரு மூலையில் புடவையைக் கட்டித் திரை போட்டார். பிள்ளைகள் நடுகல்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, தங்களுக்குப் பிடித்ததைக் களிமண்ணில் செய்ய வேண்டும். அப்பாக்கள்தான் பெரிய தலைவலி. பெண்டாட்டி பிள்ளைகளை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் போனோடு நின்றுவிடுவார்கள். மேடம் விடமாட்டார். "மண்ணு பெசையறதுக்கு ஆள் இல்லீங்க, கொஞ்சம் வாங்க" என்று கையில் சட்டியைக் கொடுத்துவிடுவார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மண் பிசைய உட்கார்ந்த மனிதர் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார். பிள்ளையை விட அவருக்குத்தான் குஷி. "குடும்பம்னா ஒருத்தர் மட்டும் வெளிய நிக்கக்கூடாதும்மா" என்பார் மேடம். சொல்லிவிட்டு ஜன்னலோரக் கிண்ணத்துக்குத் தண்ணீர் தெளிக்கப் போவார். 

என் மகன் அப்போது சின்னப் பையன். விடுமுறை நாளெல்லாம் அங்கேதான் கிடப்பான். வீட்டில் விட்டால் ஆள் இல்லை. அவன் அப்பா லாரியில் போனால் போனதுதான். மேசைக்கு முதல் ஆளாக அவன்தான் உட்காருவான். மாடு செய்கிறேன் என்று ஆரம்பித்து ஜேசிபி செய்து முடிப்பான். சட்டை, தலைமுடி, காது எல்லாம் மண். "அடேய், கல்லுல இருக்கிற வீரனே எந்திரிச்சு ஓடிருவான்டா" என்று மேடம் அவன் காதைத் திருகுவார். வேலை நேரத்தில் காலுக்குள் சுற்றுகிறானே என்று அவனை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்!

மேடத்தின் மகள் அந்தக் கூடத்துக்கு வராததற்குக் காரணம் யாருடைய கொடுமையும் இல்லை. விடுமுறைதான். மே மாதம் பிறந்தால் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு சிவமொக்கா பக்கம் தன் சொந்த ஊருக்குப் போய்விடுவார். இடையில் கிடைப்பது ஏப்ரல் தொடக்கத்தில் சில நாட்கள்தான். அங்கே பரீட்சை முடிந்து லீவு விட்டிருக்கும். இங்கேயோ அப்போதுதான் முழுஆண்டுப் பரீட்சை நடக்கும். பிள்ளைகள் தெருவில் தலை காட்ட மாட்டார்கள். சும்மா வந்து அம்மாவோடு இரு என்றால், "அங்க வந்து என்ன பண்றது?" என்று பெண் கேட்டுவிட்டாள். குழந்தை, அவளுக்கு என்ன தெரியும்? அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி என்றால் அனுப்பி வைக்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

ஒரு வருஷம் மேடம் கோடை நிகழ்ச்சியை ஏப்ரலுக்கு மாற்றினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மேடம், பரீட்சை நேரங்க. ஒரு புள்ள வராதுங்க." அவர் நோட்டீஸை மடித்துக்கொண்டே, "வர்றவங்க வரட்டும்மா" என்றார்.  'குடும்பத்துடன் வருக' என்று கொட்டை எழுத்தில் அச்சான நோட்டீஸ் பாலக்கோடு தக்காளி மண்டி வரைக்கும் போய் ஒட்டப்பட்டது.

அன்று காலையில் கார் வந்து வாசலில் நின்றது. அப்பா இறங்கவில்லை. பெண் மட்டும் இறங்கினாள். ஒல்லியாக, அம்மாவின் நெற்றி, அம்மாவின் நடை. மேடம் புதுப் பருத்திப் புடவை கட்டியிருந்தார். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். தோளைத் தொட்டார், அவ்வளவுதான். உள்ளே மேசைகள், கிண்ணங்கள், ஒவ்வொரு கிண்ணத்திலும் மண் உருண்டை, ஒவ்வொன்றின் மேலும் ஈரத்துணி. ஒரு பிள்ளை இல்லை. என் மகன்கூடப் பரீட்சைக்குப் போய்விட்டான். கல்வீரர்களும் நாங்களும்தான். மேடம் ஒவ்வொரு கல்லாக விளக்கிக்கொண்டே போனார். அவ்வளவு அழகாக அவர் விளக்கி நான் கேட்டதே இல்லை. பெண் தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள். அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். மேடத்துக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும், ஆனால் மகளிடம் தமிழ்தான் பேசுவார். தன் பக்கத்திலிருந்து அவளுக்குப் போவது அது ஒன்றாவது இருக்கட்டும் என்ற வீம்பு. அதனால் அம்மா நிறையப் பேச, மகள் "ம்" கொட்டினாள். நடுவில் என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, வேற யாரும் வரமாட்டாங்களா?" "வருவாங்க கண்ணு" என்றேன். 

மத்தியானம் போல ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, பால்வாடிக்குப் போகிற வயதில் இரண்டு வாண்டுகள். கையில் தேங்காய், மஞ்சள், குங்குமம், ஒரு தூக்கு நிறையப் பொங்கல். நான் மிரண்டு போனேன். விஷயம் இதுதான். கூடத்தின் நடுவில் நிற்கும் பெரிய நடுகல் அவர்கள் நிலத்து வரப்பிலிருந்து வந்தது. உங்களுக்கும் எனக்கும் அது நடுகல். அவர்களுக்கு வேடியப்பன், குலசாமி. "குடும்பத்தோட வாங்கன்னு போட்டிருந்தீங்களே, சாமிக்கு ஏதோ விசேஷம்னு நெனச்சோம்ங்க" என்றார் அந்த மனிதர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லை விரலால் தொட்டாலே சீறும் மேடம் அன்று சீறவில்லை. "கல்லு மேல பூசாதீங்க, முன்னாடி வச்சுக் கும்பிடுங்க" என்றார். அவர்கள் வந்ததில் அவருக்கு அவ்வளவு நிம்மதி. ஒரு குடும்பமாவது வந்ததே என்று, மகளுக்குக் காட்ட.

கும்பிட்டு எழுந்த அந்த மனிதரின் பெண்டாட்டி, ஓரமாக நின்ற மேடத்தின் மகளைப் பார்த்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் போலிருக்கிறது. என்ன தோன்றியதோ, "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டாள். சாப்பிட்டாயா என்று. அவ்வளவுதான், மகளின் முகம் விளக்குப் போட்டமாதிரி ஆகிவிட்டது. இல்லை என்று தலையாட்டினாள். விடிவதற்குள் கிளம்பி வந்திருக்கிறாள், காரில் ஒன்றும் இறங்கவில்லையாம். அடுத்த நிமிஷம் அவர்களோடு தரையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மடமடவென்று கன்னடம். பிறகு வாண்டுகளோடு மேசைக்குப் போய் மண்ணில் கைவைத்தாள். என்ன சத்தம், என்ன சிரிப்பு! கன்னத்தில் மண் ஒட்டிக்கொண்டது. வாண்டுகளின் அம்மா முந்தானையால் சட்டென்று துடைத்துவிட்டாள். மேடம் கையில் ஈரத்துணியோடு ஓர் அடி முன்னால் வந்து, அப்படியே நின்றுவிட்டார்.

சாயங்காலம் கார் வந்தது. பெண் மண்ணில் ஒரு நாய் செய்திருந்தாள். ஈரம் காயவில்லை, எடுத்துப்போக முடியாது. "காய வச்சுத் தரேன், அப்புறம் எடுத்துக்க" என்றார் மேடம். வாசல் வரைக்கும் போன பெண் திரும்பி நின்று, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்: "அம்மா, எனக்காக மட்டும் பேடா. அடுத்த தடவ எல்லாரும் வர்ற மாதிரி வைங்க." பேடா என்றால் வேண்டாம். பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிட்டிருக்கிறது. காலிக் கூடம் எதற்காக, யாருக்காக என்று.

கார் போனதும் மேடம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். அழுதார், அதை மறைக்கவும் இல்லை. "காலையில இருந்து கல்லக் கல்லக் காட்டினேனே, சாப்பிட்டியான்னு கேக்கலையேம்மா. பெத்தவ நான் கேக்கலையே." கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா அடுத்த தடவன்னு சொன்னா. நீ கேட்ட இல்ல?" என்றார். கேட்டேன். எல்லாரும் வர்ற மாதிரி என்று சொன்னதையும் சேர்த்துக் கேட்டேன். 

மகள் பேச்சை மேடம் அப்படியே கேட்டார். அடுத்த வருஷம் நிகழ்ச்சி மே மாதத்துக்குத் திரும்பியது. கூட்டமான கூட்டம். அப்பாக்கள் மண் பிசைந்தார்கள், வாண்டுகள் கத்தின, வேடியப்பன் குடும்பம் பொங்கலோடு வந்தது. எல்லாரும் வந்தார்கள். பெண் சிவமொக்காவில் இருந்தாள். அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். அப்புறம் அவளுக்குப் பத்தாம் வகுப்பு, அப்புறம் கோச்சிங், அப்புறம் வெளிநாட்டுப் படிப்பு. பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து வரும், அதை எனக்குக் காட்டுவார். ஏப்ரலுக்கே மறுபடி மாற்றிவிடுங்களேன் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன். "அவ வேணாம்னு சொன்னத நான் எப்படிம்மா செய்யறது?" என்றார்.

மேடம் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூரில் தங்கை வீட்டோடு போய்விட்டார். போகிற அன்று சாவிக்கொத்தோடு அந்தக் கிண்ணத்தையும் என் கையில் கொடுத்தார். "அவளுக்கு இந்த எடம் ஒண்ணுதான் தெரியும்மா. என்னத் தேடினா இங்கதான் வருவா. வந்தா மொதல்ல சாப்பிட்டியான்னு கேளு." மண்நாய் இன்னும் அலமாரியில் இருக்கிறது, ஒரு காது உடைந்து.

இப்போது நிகழ்ச்சி நடத்துவது நான். கழிப்பறை, தண்ணீர், புடவைத் திரை, எல்லாம் அவர் வைத்த முறைதான். ஜன்னலோரத்தில் அந்தக் கிண்ணமும் உண்டு. வேலைக்குப் போகிற வயதுப் பெண் களிமண் உருட்ட வருவாளா என்று எனக்கே சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே துணிக்குத் தண்ணீர் தெளிப்பேன்.

என் மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ஓசூர் என்ன அமெரிக்காவா? பஸ் ஏறினால் வந்துவிடலாம். ஷிப்ட் என்கிறான், ஓவர்டைம் என்கிறான். தீபாவளிக்கும் வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. அவன் அப்பா இன்னும் லாரியோடுதான். வீட்டைத் திறந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. இந்த மே மாதம் நிகழ்ச்சிக்கு முந்தின நாள் போன் செய்தான். சாப்பிட்டியா என்று கேட்டேன். "ஆச்சும்மா" என்றான். நாளைக்கு நிகழ்ச்சி, லீவு போட்டு வாயேன்டா என்றேன். "நான் என்ன சின்னப் பையனா?" என்று சிரித்தான். "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வர்றேம்மா."

காலையில் கூடத்தைத் திறந்து, மண்ணைப் பிசைந்து, பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு வைத்தேன். ஜன்னலோர மேசைக்கு மேடத்தின் கிண்ணத்தை எடுத்துப்போனேன்.  அப்புறம் உள்ளே போய் இன்னொரு கிண்ணத்தில் மண் உருண்டை எடுத்து வந்து, அதன் பக்கத்தில் வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து அதற்கும் போட்டேன்.