டிரம்ஸ் இல்லாமல் ஒரு பாட்டு

பேர்போன ராக் பேஸ் கிட்டார் கலைஞர்களைப் பற்றி வருடக்கணக்காகப் படித்து வருகிறேன். சிலர் பேஸிலேயே பாடுவார்கள். சிலர் கட்டைவிரலால் கம்பியை அறைவார்கள். சிலர் டிரம்ஸை ஒட்டியே வாசிப்பார்கள். இந்தக் கடைசி வகையை நான் பெரிதாக மதித்ததில்லை.

இலங்கை மலையகத்தில், எங்கள் லிந்துலை ஊர் ராக் குழுவின் டிரம்ஸ்காரர் ஜூன் மழையில் மண்சரிவில் இறந்தார். செப்டம்பரில் மாதா கோயில் திருவிழாக் கச்சேரி வந்தது. "அவரு எடத்துல வேற ஆள ஒக்கார வைக்காதீங்கண்ணே" என்று அவர் மனைவி மேரி குழுவிடம் கேட்டிருந்தார்.

"டிரம்ஸ் இல்லாட்டி பாட்டு விழுந்துரும்டா" என்றார் பாடகர்.

"விழுந்தா தூக்கிக்கலாம். நீ தொண்டையப் பாத்துக்க" என்றார் பேஸ் வாசிக்கும் செல்வம்.

கச்சேரியில் செல்வம் எப்போதும் வாசிப்பதையே வாசித்தார். டிரம்ஸ் அடி விழ வேண்டிய இடங்களில் மட்டும் கம்பியை அமுக்கி, சத்தமில்லாமல் விட்டார். முன்வரிசையில் தலைகுனிந்திருந்த மேரியின் கால் அந்த இடங்களில் தரையைத் தட்டத் தொடங்கியது. பிறகு பின்வரிசைகளும் தட்டின. பாட்டு விழவில்லை.

முடிந்ததும் மேரி செல்வத்திடம் வந்தார். "அவரு அடி பூராவும் அங்கனயே இருந்துச்சுண்ணே."

இப்போதெல்லாம் எந்தப் பேஸ் வாசிப்பைக் கேட்டாலும், பக்கத்தில் இருப்பவருக்கு அது எவ்வளவு இடம் விடுகிறது என்றுதான் முதலில் கவனிக்கிறேன்.